ஒயிட் ரிவர் எலும்புகளுக்கு பாராலாய்ட் பி-72: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா பகுதிகளில் உள்ள ஒயிட் ரிவர் படிவுப்பாறைகளில் கிடைக்கும் பாலூட்டி எலும்புகளைக் கெட்டிப்படுத்தவும் ஒட்டவும் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை வாங்கலாமா? தாராளமாக. ஆனால் பசையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாறையைப் பார்க்க வேண்டும்.

அடியில் இருப்பது சாட்ரன் படிவு. டைட்டனோத்தியர் என்ற காண்டாமிருகச் சாயல் கொண்ட பெருவிலங்கு கிடைப்பது அதில்தான். அதன்மேல் சுமார் 3.4 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புரூல் படிவு. ஆட்டின் அளவுள்ள ஓரியோடான்ட், மூன்று விரல் குதிரையான மீசோஹிப்பஸ், வாள்பல் வேட்டை விலங்கான ஹோப்லோஃபோனியஸ் எல்லாம் புரூலில் வரும். இந்தப் படிவுகளில் எரிமலைச் சாம்பல் ஏராளம். அது சிதைந்து ஸ்மெக்டைட் வகைக் களிமண்ணாகியிருக்கிறது. மழை பட்டால் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சரிவுகளின் மேல்தோல் பாப்கார்ன் போலப் பொரிந்து கிடப்பது அதனால்தான்.

எலும்பு கனிமம் ஏறிக் கல் மாதிரி கனக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. ஓரியோடான்ட் தாடை ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால், பிறை வடிவ முகடுள்ள கடைவாய்ப்பற்களின் எனாமலில் மயிரிழை விரிசல்கள் தெரியும். சிலவற்றுள் களிமண் இறுகியிருக்கும். இதில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை விட்டால் களிமண் உப்பி, பல்லைப் பிளந்துவிடும். பி-72 அசிட்டோனில் கரைந்து போவதால் அந்த ஆபத்து இல்லை. பல வருடம் கழித்தும் அசிட்டோன் தடவினால் திரும்பக் கரையும். ஒட்டியது தப்பென்றால் பிரிக்கலாம். இந்த வசதி சயனோஅக்ரிலேட் ‘சூப்பர்’ பசையில் சுலபத்தில் கிடைக்காது.

பொருள் வருவது நிறமற்ற குருணையாக. 5 கிராம் குருணையை மஸ்லின் துணியில் முடிந்து, கண்ணாடி ஜாடிக்குள் தொங்கவிட்டு, அசிட்டோன் ஊற்றி மொத்தம் 100 மில்லியாக்குங்கள். ஜாடியை மூடி ஓர் இரவு விட்டால் 5 சதவீதக் கரைசல் தயார். நேராகக் கொட்டினால் குருணை அடியில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு கரைய அடம்பிடிக்கும். பாலிஸ்டைரீன் கோப்பை மட்டும் வேண்டாம், அசிட்டோன் அதையே கரைத்துவிடும்.

தொடங்க வேண்டியது 2 சதவீதத்தில். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கெட்டியாக இருந்தால் பலம் அதிகம் என்று நினைத்து முதலிலேயே 10 சதவீதத்தை எடுக்கிறார்கள். அது உள்ளே இறங்காது. மேலே பளபளவென்று ஒரு தோல் கட்டும், உள்ளே எலும்பு பொடியாகவே இருக்கும். முதலில் வெறும் அசிட்டோனைச் சொட்டு விட்டு நனையுங்கள். அடுத்து விரிசல் வாயில் 2 சதவீதக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். உறிஞ்சுவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் தேவைப்பட்டால் 5 சதவீதம். மேலே மினுமினுப்பு தங்கினால் அசிட்டோன் தொட்ட தூரிகையால் துடைத்தெடுக்கலாம்.

காயவிடுவதில் அவசரம் ஆகாது. அசிட்டோன் வேகமாகப் பறந்தால், போகிற போக்கில் பிசினையும் மேற்பரப்புக்கு இழுத்துவரும். மாதிரியைப் பாலிதீன் தாளால் தளர்வாக மூடிவைத்தால் மெதுவாகக் காயும். ஈரப்பதம் அதிகமான நாளிலோ எலும்பே ஈரமாக இருந்தாலோ வெள்ளை பூக்கும். அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து நீர் படிவதே முதல் சூழலில் காரணம். ஈர எலும்பை முதலில் நிழலில் உலர்த்துங்கள்.

ஒட்டுவதற்கென்றால் குருணையும் அசிட்டோனும் எடைக்கு எடை சரிபாதி. கரைய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஒட்டும் இரு முகங்களிலும் களிமண்ணை முழுக்கச் சுரண்டிய பிறகே தடவ வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடிப்பது மண்ணைத்தான், எலும்பை அல்ல. பிடி இறுக நேரமாகும் என்பதால் மணல் தட்டில் சாய்த்து நிறுத்துவது உத்தமம்.

காலை வாரும் இடம் சூடு. இந்தப் பிசின் இளகத் தொடங்குவது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒட்டிய தாடையை விட்டால் இணைப்பு நழுவிவிடும். டைட்டனோத்தியர் தொடை எலும்பு போன்ற பாரத்தையும் இது தனியாகத் தாங்காது. அதற்கு எபாக்சிதான். ஆனால் இரு முகங்களிலும் முதலில் பி-72 பூசிக் காயவைத்து, அதன்மேல் எபாக்சி தடவுங்கள். நாளைக்குப் பிரிக்க வேண்டிவந்தால் நடுவிலிருக்கும் படலம் கரைந்து வழிவிடும்.

வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், பிசின் படாத ஒரு துண்டை அதன் மண்ணோடு தனியே எடுத்து வையுங்கள். பூசிய கரைசலின் சதவீதத்தையும் தேதியையும் சீட்டில் எழுதுவது அவசியம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், காற்றோட்டம் வேண்டும். நைட்ரைல் கையுறையை அது சீக்கிரமே ஊடுருவும், பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும்.

பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் புதைபடிவம் எடுப்பது குற்றம். 2009-இன் சட்டப்படி மற்ற கூட்டாட்சி நிலங்களிலும் முதுகெலும்பிகளின் எச்சங்களுக்கு அனுமதி வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகு ஜாடியைத் திறக்கலாம்.