தொழிற்சாலை நிலத்தில் எழுந்த ஆற்றங்கரை வீடு: கட்டடம் நிற்கிறது, வாசல் இறங்குகிறது

எங்கள் கட்டட வாசலில் கழிவுநீர்க் குழாயை மறுபடியும் தோண்டி மாற்றியிருக்கிறார்கள். பழைய துறைமுகக் கிடங்குகள் இருந்த இடத்தில் எழும் அடுக்குமாடியில் வீடு பார்த்திருக்கும் நண்பர் ஒருவர், சரியாக இந்த நேரத்தில் "நீங்கள் பல வருடமாக அப்படி ஓர் இடத்தில்தானே இருக்கிறீர்கள், வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதுதான் இது.

வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. சுவரில் விரிசல் கிடையாது, கதவு எதுவும் இறுகவில்லை. முன்னால் ஆறு என்பதால் யாரும் கட்டி மறைக்க முடியாது. மாலையில் தண்ணீரில் பட்ட வெயில் உள்கூரையில் அலையாடும். இருட்டும்வரை விளக்கு போட மனம் வராது. சரக்கு இறக்கிய பழைய கரைச்சுவரை இடிக்காமல் நடைபாதையாக்கியவர்களுக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

என் கோபமெல்லாம் வாசலில்தான். குடிவந்தபோது வாசல் தளமும் வெளி நடைபாதையும் ஒரே மட்டம். இப்போது நடுவில் ஒரு முழுப் படி உயரம். சாய்தளம் போட்டார்கள், அதன் கீழ்முனையும் இறங்கிவிட்டது. சக்கர நாற்காலியில் போகும் பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆலைகள் இருந்த காலத்தில் சாம்பல், கசடு, இடிபாடு, ஆற்றில் தூர்வாரிய சேறு என்று கிடைத்ததையெல்லாம் கொட்டித்தான் இப்படிப்பட்ட கரைகளை நீட்டினார்கள். அதற்கும் கீழே மெத்தென்ற வண்டல் களிமண். எடை ஏறினால் அதிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், அது பல பத்தாண்டுகள்கூட நீளும். கட்டடம் கெட்டித்தரை வரை இறக்கிய பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்கள், மேல் நிற்பதால் அது அசையாது. சாலையும் தோட்டமும் குழாய்களும் கொட்டின மண்ணில் இருக்கின்றன. ஒன்று நிற்க, மற்றது இறங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் குழாய் முறியாமல் என்ன செய்யும்?

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, மண்ணை அழுத்துவதில் நல்லெண்ணத்தோடு செய்த வேலைகளுக்கும் பங்கு உண்டு என்பது. வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்துவார்கள். ஹாம்பர்க் நகரின் பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டியில் கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து 8, 9 மீட்டர் உயர மேடுகளில் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் தாரும் பென்சீனும் கன உலோகங்களும் ஊறிய பழைய மண்ணை முழுவதும் அள்ளாமல், மேலே தடுப்புப் படலம் விரித்துச் சுத்தமான மண்ணால் மூடுவதும் உண்டு. எங்கள் இடத்தில் இரண்டும் நடந்தது. இரண்டுமே தேவையான வேலைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனையும் அந்தக் களிமண் மேல் ஏறிய புதுச் சுமை. குழாய்க்காகத் தோண்டும்போது அந்த மூடியையும் அறுக்க வேண்டும், கெட்ட மண்ணைத் தனியாக அப்புறப்படுத்த வேண்டும், மறுபடி மூடிச் சோதிக்க வேண்டும். சாதாரணக் குழாய் வேலைக்கு இவ்வளவு பில் வருவதன் காரணம் அதுதான்.

தவிர்க்க வழி இல்லாமலும் இல்லை. கட்டுவதற்கு முன்பே மண்ணைக் குவித்து மாதக்கணக்கில் எடை ஏற்றி, செங்குத்து வடிகால்கள் வழியே நீரை வெளியேற்றலாம். கட்டடத்தை ஒட்டிய குழாய்களைத் தளத்திலிருந்தே தொங்கவிட்டு, வெளியேறும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்பு வைக்கலாம். வாசலில் ஒரு முனை கட்டடத்தில் கீல்போல் பற்றிய பலகைத் தளம் போட்டால், மண் இறங்கும்போது படி விழாமல் சரிவு மட்டுமே கூடும். எங்களுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் இதில் எதையும் செய்யவில்லை. கேட்டால் "இயல்பான அமர்வு, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது" என்கிறார்கள். இயல்பு என்று தெரிந்தவர்கள் முதலிலேயே அதற்கு வழி செய்திருக்க வேண்டாமா?

நியாயமாகச் சொன்னால் இதைவிட மோசமாகவும் நடக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் முடிந்த 58 மாடி மில்லெனியம் டவரின் பைல்கள் பாறையைத் தொடவில்லை. 2016இல் அது 16 அங்குலம் இறங்கியிருப்பது வெளியே தெரிந்தது. எங்கள் அடித்தளத்தைப் போட்ட பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். மனசு கேட்கவில்லை என்றால், வெளிமண் இன்னும் எவ்வளவு இறங்கும் என்ற மதிப்பீட்டையும், குழாய் இணைப்பு வரைபடத்தையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்றேன். பக்கத்து வீட்டு அம்மா துணையில்லாமல் தன் வாசலைத் தாண்டும்வரை இந்தக் குடியிருப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.