சாய்ந்த கப்பலைப் படமெடுக்க எது தோது: ட்ரைபாடா, டெலி லென்ஸா, ட்ரோனா?

விபத்தில் சிக்கிய கப்பலை அப்புறப்படுத்துவதைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘என்ன கேமரா எடுத்துக்கிட்டுப் போகணும்?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. கப்பலை எப்படி எடுக்கப் போகிறார்கள்? அப்படியே நிமிர்த்தப் போகிறார்களா, துண்டு போடப் போகிறார்களா, மேலே கிடப்பதை நீக்கிவிட்டு இழுத்துக்கொண்டு போகப் போகிறார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடந்த சில ஆண்டுகளில் மூன்று வகைக்கும் ஒவ்வொரு கப்பல் இருக்கிறது.

முதலாவது கோஸ்டா கொன்கோர்டியா. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜீலியோ தீவையொட்டிப் பாறையில் மோதிச் சாய்ந்த 290 மீட்டர் பயணிகள் கப்பல். 32 பேர் இறந்தார்கள். 2013 செப்டம்பர் 16 காலை அதை இரும்புக் கேபிள்களால் இழுத்து நிமிர்த்த ஆரம்பித்து, மறுநாள் விடியற்காலை நான்கு மணி வாக்கில் முடித்தார்கள். மொத்தம் 19 மணி நேரம். கரையில் நின்று உற்றுப் பார்த்தாலும் கப்பல் நகர்வது கண்ணுக்குப் பிடிபடாது. இந்த வேலைக்கு, ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸை விட்டால் வேறு வழியே இல்லை. 30 நொடிக்கு ஒரு படம் என்றால் 2,280 படங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓட்டினால் ஒன்றரை நிமிடம். இருபது மாதம் தண்ணீருக்குள் கிடந்த பக்கம், துருவும் அழுக்குமாகப் பழுப்பேறி மெல்ல மெல்ல மேலே வருவதை இப்படி எடுத்தால்தான் பார்க்க முடியும்.

ஆனால் சும்மா வைத்துவிட்டு வந்தால் ஆகாது. கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி வீடியோ மினுக்கும். மேனுவலில் போட்டு, அபெர்ச்சர் என்ற லென்ஸ் துவாரத்தின் அளவைத் தொடாமல், இருட்ட இருட்ட ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனையும் சின்னச் சின்னப் படிகளாக ஏற்ற வேண்டும். பேட்டரி மாற்றும்போது கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வீடியோவில் கப்பலோடு சேர்ந்து மலையும் துள்ளும். அதனால் முதலிலேயே வெளியிலிருந்து பவர் கொடுத்துவிடுவது நல்லது. காற்றடிக்கும் இடத்தில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது.

டைம்லாப்ஸின் குறை வேறு மாதிரியானது. ஒன்றரை நிமிடத்தில் கப்பல் தானாகத் தூக்கம் கலைந்து எழுந்த மாதிரி இருக்கும். கப்பல் மீட்பு நிபுணர் நிக் ஸ்லோன் தலைமையில் மாதக்கணக்காக நடந்த ஆயத்தம், கடலடியில் அமைத்த மேடைகள், பக்கவாட்டில் பொருத்திய பெரிய இரும்புப் பெட்டிகள், இவற்றுக்குப் பின்னால் இருந்த உழைப்பு எதுவும் அதில் கிடையாது. ஆள் என்ற ஒன்றே இருக்காது.

அடுத்தது கோல்டன் ரே. கார் ஏற்றிச் செல்லும் 200 மீட்டர் கப்பல். 2019 செப்டம்பர் 8 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சாய்ந்தது. உள்ளே சுமார் 4,200 வண்டிகள். இயந்திர அறையில் மாட்டிக்கொண்ட நான்கு பேரை மறுநாள் கப்பலில் ஓட்டை போட்டு வெளியே எடுத்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். கப்பலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. விபி-10000 என்ற ராட்சதக் கிரேன் கப்பலின் மேல் இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்க, தடித்த சங்கிலியால் அறுத்து எட்டுத் துண்டாக்கினார்கள். 2020 நவம்பரில் தொடங்கிய அறுப்பு. கடைசித் துண்டு போய்ச் சேர 2021 அக்டோபர் ஆனது. இதற்கு டைம்லாப்ஸ் வைத்தால் மஞ்சள் கிரேன் ஒன்று நாள் கணக்கில் சும்மா நிற்கும் வீடியோதான் மிஞ்சும்.

இங்கே தொலைவில் உள்ளதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ்தான் ராஜா. ஒரு துண்டு பிரிந்து வந்ததும் வெட்டுவாய் தெரிகிறது: தேன்கூட்டைக் குறுக்கே அறுத்தாற்போல் தளம் தளமாக, அதற்குள் நசுங்கிக் கிடக்கும் கார்கள். முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 90 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 6,000 பிக்சல் அகலப் படத்தில் ஓர் ஆள் உயரம் 115 பிக்சல் சொச்சம். ஹெல்மெட்டின் நிறம் தெரியும், அது போதும். அந்தச் சின்ன உருவம் பக்கத்தில் இருந்தால்தான் இரும்பின் பிரம்மாண்டம் உறைக்கும். தொல்லை கொடுப்பது வெயில். பத்து மணிக்கு மேல் தண்ணீரின் மேல் காற்று கானலாக நெளிய ஆரம்பித்தால் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் கூர்மை தராது. விடிந்ததும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்காவின் பால்டிமோர். ட்ரோனுக்கு உண்மையிலேயே வேலை இருந்த இடம் அதுதான். 2024 மார்ச் 26 அதிகாலை டாலி சரக்குக் கப்பல் மோதிப் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்தது; பாலத்தில் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். பாலத்தின் இரும்புச் சட்டகம் கப்பலின் முன்பகுதி மேலேயே விழுந்து கிடந்தது. கரையிலிருந்து பார்த்தால் இரும்பும் கன்டெய்னரும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். எது எதன் மேல் கிடக்கிறது என்பது உயரத்திலிருந்துதான் புரியும். ஆனால் அங்கே ட்ரோன் பறக்கத் தடை. நல்ல வான்வழிப் படங்கள் அனுமதி உள்ளவர்களிடமிருந்தே வந்தன. மே 13 அன்று சட்டகத்தை வெடி வைத்துத் துண்டித்தபோது, எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. அப்போதும் ஊழியர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். எந்த ட்ரோன் படத்திலும் அவர்களைப் பார்க்க முடியாது.

மேலிருந்து எடுப்பதில் எனக்குள்ள பெரிய குறையும் இதுதான். வடிவம் கிடைக்கும், அளவு தொலைந்துவிடும். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் புகையை வானிலிருந்து எடுத்த படங்கள் உலகம் சுற்றின. கரை முழுக்க ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளோ, மணலில் முட்டி போட்டு எடுத்தால்தான் மணிகளாகத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோதும், நம் நினைவில் நிற்பது வாளியில் கறுப்புக் குழம்பை அள்ளிய ஆட்கள்தானே!

ஆக, என் தேர்வு டெலி லென்ஸ். பழைய 100-400 ஜூம் ஒன்று கிடைத்தால் முதலில் அதை வாங்கலாம். நிமிர்த்தும் வேலை என்றால் மட்டும், உறுதியான ட்ரைபாடில் இரண்டாவது கேமரா ஒன்றை நிறுத்திவிட்டு, டெலி லென்ஸோடு ஆட்களைத் தேடிப் போகலாம். ட்ரோனை வாடகைக்கு எடுத்தால் போதும், அதுவும் கைக்கு அனுமதி வந்த பிறகு. இந்தியாவில் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து, அந்த இடம் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று பார்க்காமல் பெட்டியையே திறக்க வேண்டாம்.