வால்வு ஆம்ப்ளிஃபையரை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனம்: எனக்கு 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் லீக் ஸ்டீரியோ 20 புகைந்துபோனது. 1958-ல் வந்த இங்கிலாந்து மாடல், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர். இத்தனை வருடம் தாங்கிய சாமானை, சர்வீஸ் என்ற பெயரில் 18,500 ரூபாய் வாங்கிய கடை ஒரே மாதத்தில் கொன்றுவிட்டது.

கடைப் பெயர் வேண்டாம். பழைய வால்வு செட்டுகளைச் சரிசெய்து விற்கும் இடம். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு வீக்காகிவிட்டது என்று சொல்லி, பழைய இங்கிலாந்து கம்பெனியான முல்லார்டின் பெயர் அச்சடித்த ஜிஇசட்34 ரக வால்வு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார் உரிமையாளர். டெஸ்டரில் சொருகி, முள் பச்சையில் நிற்பதைக் காட்டினார். "சார், இது என் சொந்த செட்டுக்குன்னு எடுத்து வச்சது. உங்க செட்டைப் பார்த்ததும் மனசு கேக்கல" என்றார். எவ்வளவு பாசமாகச் சொன்னார் தெரியுமா! அப்படிச் சொல்லித்தான் 18,500 ரூபாயை வாங்கினார்.

இன்று காலை விவரம் தெரிந்த நண்பர் திறந்து பார்த்தார். முல்லார்ட் எழுத்து விரலில் தேய்த்ததும் வந்துவிட்டது. முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலையைக் காட்டும் பி எழுத்துக் குறியீடு கண்ணாடியில் இல்லவே இல்லை. அதைவிடக் கொடுமை, ரெக்டிஃபையரை அடுத்து கரண்டைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கப்பாசிட்டராக 100 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறார்கள். இந்த வால்வுக்கு 60-க்கு மேல் கூடாது என்று தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. கப்பாசிட்டர் பெரிதானால் ஆன் செய்யும்போது இழுக்கும் கரண்டும் ஏறும். வால்வுக்குள் பொறி பறந்து ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போயிருந்தால் டிரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கும். அங்கே ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி!

போன் செய்தால் "வோல்டேஜ் ஏறியிருக்கும் சார்". நேரில் போனால் "வால்வுக்கெல்லாம் வாரண்டி கிடையாது". கம்பியைப் பற்றிக் கேட்டதும், "பையன் போட்டிருப்பான், அவன் இப்ப லீவு". இப்போது போனையே எடுப்பதில்லை. 18,500 ரூபாய்! பில் கையில் இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: முதல் கப்பாசிட்டரின் அளவைக் கேளுங்கள். ஃபியூஸைக் கண்ணால் பாருங்கள். ரெக்டிஃபையர் வால்வில் ஏசி வந்து சேரும் இரண்டு அனோடுக்கும் தனித்தனியே 1என்4007 டையோடு சீரிஸில் போடச் சொல்லுங்கள். வால்வு ஷார்ட் ஆனாலும் ஏசி உள்ளே பாயாது. ஆஃப் செய்த உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். எழுத்தை நம்பி வால்வு வாங்காதீர்கள், தேய்த்துப் பாருங்கள்.