குளூட்டன்-ஃப்ரீ பாக்கெட்டா, பானைச் சோறா?

சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) உறுதியானதும் பலர் முதலில் தேடுவது "குளூட்டன்-ஃப்ரீ" என்று அச்சடித்த பிரட்டைத்தான். எங்கள் வீட்டிலும் முதல் மாதம் அப்படித்தான் போனது. சின்னத் துண்டு, பெரிய விலை, மறுநாளே உதிர்ந்துபோகும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை இவற்றில் எல்லாம் குளூட்டன் என்றைக்குமே இருந்ததில்லை.

குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை, இவற்றின் கலப்பினங்கள் ஆகியவற்றில்தான். மைதா, ரவை என்று பெயர் மாறினாலும் கோதுமை கோதுமைதான். பக்வீட் என்ற தானியத்தின் பெயரில் "வீட்" இருந்தாலும் கோதுமைக்குச் சொந்தமே இல்லை. அரிசி, மக்காச்சோளம், சிறுதானியங்கள், கிழங்கு, பயறு, காய், பழம், மீன், இறைச்சி, பால் எல்லாமே தாராளமாகச் சாப்பிடலாம்.

சத்தில் பாக்கெட் பெரும்பாலும் தோற்கிறது. மாவை இழுத்துப் பிடிப்பது குளூட்டன். அது இல்லாத இடத்தை ஸ்டார்ச்சும் சாந்தன் கம் போன்ற பசைகளும் நிரப்புவதால் பல பிரட்டுகளில் புரதம் குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் கோதுமை மாவில் சேர்க்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை வருவது சகஜம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம் வேகவைத்த 100 கிராம் தோலுள்ள முழு மைசூர்ப் பருப்பில் சுமார் 9 கிராம் புரதம், 8 கிராம் நார்ச்சத்து, 3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. விலையிலும் பிரட்டால் இதை நெருங்க முடியாது.

ஆனால் பாக்கெட் ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்வதேச உணவுத் தர விதியான கோடெக்ஸ்படி "குளூட்டன்-ஃப்ரீ" என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அதாவது 100 கிராம் பிரட்டில் அதிகபட்சம் 2 மில்லிகிராம். உதிரியாக வாங்கும் பருப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கோதுமை விளைந்த அதே வயலிலும், அதே இயந்திரத்திலும், அதே சாக்கிலும் அது வந்திருக்கலாம். ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மில்லிகிராம், அதில் குளூட்டன் ஏறக்குறைய 4 மில்லிகிராம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று கருதப்படுகிறது. மூன்று மணி தப்பினாலே அன்றைய கணக்குத் தாண்டிவிடும்.

அதனால் பருப்பை வெள்ளைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுவில் கோடு விழுந்த நீளமான மணி கோதுமை. இரு முனையும் கூராக இருந்தால் பார்லி. பொறுக்கி எடுத்துவிட்டு இரண்டு மூன்று தண்ணீரில் கழுவினால் ஒட்டிய தூசியும் போய்விடும்.

எதற்கு லேபிள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை நான் முடிவு செய்வதும் இதை வைத்துத்தான். முழு தானியத்தைப் பொறுக்கலாம், கழுவலாம். மாவை ஒன்றும் செய்ய முடியாது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். தட்டையாக்கிய ஓட்ஸும் அப்படித்தான். லேபிள் இல்லாத ஓட்ஸை நான் தொடுவதில்லை. சிலருக்குச் சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது, அதைக் கவனித்துத்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, மாவுகளைக் கலந்து வீட்டிலேயே பிரட் சுடுவது. இசப்கோல் உமி சேர்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டைவிட மலிவு, ஆனால் வேலை அதிகம். ஆசைக்கு எப்போதாவது சரி.

சோற்றிலும் ஒரு குறை உண்டு. அரிசியில் ஆர்செனிக் என்ற நச்சு சேர வாய்ப்பு இருப்பதால் மூன்று வேளையும் அரிசியே வேண்டாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அது குறையும். கிழங்கு, சிறுதானியம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது இன்னும் நல்லது.

நோய் இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் முடிவு தப்பாக வரலாம்.

இப்போது எங்கள் அலமாரியில் லேபிள் பார்த்து வாங்கியவை மூன்றே மூன்று: ஓட்ஸ், அரிசி மாவு, பயணத்துக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.