காணாமல் போன சிப்பாயைத் தேட ஒரு நல்ல இணையதளம்

இரண்டாம் உலகப் போரில் பர்மா, மலாயா பக்கம் போய் உடல்கூடக் கிடைக்காத பையன் உங்கள் குடும்பத்திலும் உண்டென்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள், காசு கிடையாது. பெயரைப் போட்டால் படைப்பிரிவு, சிப்பாய் எண், இறந்த தேதி வரும், சிலருக்கு வயது, அப்பா பெயர், ஊர்கூட இருக்கும். கல்லறை இல்லாதவர்களுக்கு எந்த நினைவுச்சின்னத்தில் பெயர் செதுக்கியிருக்கிறது என்றும் சொல்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சின்னத்தில் மட்டும் அப்படி 24,000-க்கும் மேல் பெயர்கள். அன்றைய குமாஸ்தா ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ, அதனால் முனுசாமி, முனிசாமி என்று நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள், சட்டென்று விட்டுவிடாதீர்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பெயரை அவன் அப்பா பெயரோடு பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம், நினைவுச் சான்றிதழும் இறக்கிக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் கொடுங்கள்.