பழைய தபால் முத்திரைகளை விற்கப் போகிறீர்களா? 350,000 ரூபாயைப் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

350,000 ரூபாய். தொகையை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் "பழைய கடதாசித் துண்டுகள்தானே, விடு" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கடதாசித் துண்டுக்காக ஒருவன் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் கார் ஓட்டி வரமாட்டான்.

விற்க நினைப்பவர்களுக்கு விரிவான வழிகாட்டி ஒன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

சேகரிப்பைத் தொடங்கியவர் அப்பப்பா. கடற்படைத் தளத்தின் டொக்யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் துறையில், எழுதுவினைஞர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. அதிகாரிகள் கிழித்துப் போட்ட தபால் உறைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர். ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரில் குண்டு போட்ட 1942ஆம் ஆண்டின் உறைகளும் அவற்றில் இருந்தன. தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய தாளும் அவர் குத்திய குறியும் அப்படியே இருந்தன. முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றாமல் உறையோடு வைத்திருந்தார் அப்பப்பா. அப்பா பிற்பாடு விக்டோரியா காலத்து முத்திரைகளைத் தேடித் தேடி வாங்கி, ஒவ்வொன்றின் கீழும் ஸ்டான்லி கிபன்ஸ் என்ற பிரித்தானிய முத்திரை விலைப்பட்டியலின் எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்தார். உப்புக்காற்று ஊரில் கடதாசியைக் காப்பது லேசான வேலையா? கச்சான் வீசும் காலத்தில் அம்மா அல்பங்களை வெளியே எடுத்து விரித்து வைப்பார். மாரி தொடங்கினால் எல்லாம் தகரப் பெட்டிக்குள் போய்விடும்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. அதனால் விற்க முடிவெடுத்தோம். பழம்பொருட்களுக்கென்றே இருக்கும் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விளம்பரம் போட்டேன். தளத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று மாலையே ஒரு வியாபாரி அழைத்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் 'உறுதிப்படுத்தப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சைக் குறி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். நல்ல தமிழ், நல்ல பணிவு. அம்மா தேநீர் கொண்டுவந்தபோது, "அல்பத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் அம்மா, பார்த்து முடித்துவிட்டுக் குடிக்கிறேன்" என்று கோப்பையைத் தூரத்தில் வைக்கச் சொன்னான். கைகழுவித் துடைத்துவிட்டு, சாவணத்தை எடுத்துத்தான் முத்திரைகளைத் தொட்டான். அம்மாவுக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

என்னை விழுத்தியது வேறு. பக்கம் பக்கமாக அஜ்மான், புஜைரா என்ற வளைகுடா அமீரகங்களின் முத்திரைகள் இருந்தன. வண்ணத்துப்பூச்சியும் விண்வெளிக்கலமுமாகப் பளபளவென்று பெரிதாக இருப்பவை. சிறுவயதில் நான் பொக்கிஷம் என்று நினைத்தவை. "அக்கா, உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இவற்றுக்கு விலையே இல்லை. சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே கட்டுக்கட்டாக அடித்தவை" என்றான். பிறகு மங்கிப்போன சின்ன முத்திரைகளைக் காட்டி, "உங்கள் அப்பாவின் மூளை இங்கே இருக்கிறது" என்றான். 1857இல் வந்த ஆறு பென்ஸ் (அந்தக் காலத்துப் பிரித்தானியக் காசு) முத்திரைதான் இலங்கையின் முதல் முத்திரை என்றும், அதற்கு ஓரத்தில் பல் கிடையாது, கத்தரியால் வெட்டியது, நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு மிஞ்சியிருந்தால் விலை ஏறும் என்றும் விளக்கினான். "நாலு பென்ஸ் டல் ரோஸ், அந்த மங்கல் ரோஜா நிற அபூர்வ முத்திரை மட்டும் இருந்திருந்தால் என் காரையும் தந்துவிட்டு பஸ்ஸில் போயிருப்பேன்" என்று சிரித்தான். 1935இல் வந்த ஒரு ரூபாய் முத்திரையைத் தூக்கிப் பிடித்து, "உங்கள் ஊர்தான் அக்கா, திருகோணமலை. 1938இலும் இதே ஊரைப் போட்டார்கள், அரசர் மட்டும் மாறிவிட்டார்" என்று அம்மாவுக்கும் காட்டினான்.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சரிபார்த்தேன், அத்தனையும் உண்மை. அதுதான் வயிறு எரிகிறது. பொய் சொல்லி ஏமாற்றுபவனை எங்காவது ஓரிடத்தில் பிடிக்கலாம். இவன் உண்மையைத் தூண்டில் புழுவாகக் குத்தி வைத்திருந்தான்.

பேசிய விலை 385,000. கையில் தந்தது 35,000. "இன்றைக்கு வங்கி இல்லை, திங்கள் காலையில் மிச்சம் உங்கள் கணக்கில் இருக்கும்" என்றான். நான் கேட்காமலே ஒரு தாளில் 'முத்திரை அல்பம் 4, முற்பணம் 35,000' என்று எழுதிக் கையொப்பமும் போட்டுத் தந்தான். போகும்போது ஆறிப்போன தேநீரை மறக்காமல் குடித்துவிட்டுப் போனான்.

திங்கள் வந்தது, பணம் வரவில்லை. "வங்கியில் சிஸ்டம் வேலை செய்யவில்லை அக்கா." அடுத்து, "நிபுணர் ஒருவர் தாளுக்குள் இருக்கும் நீர்க்குறியைப் பார்க்கிறார், முடிந்ததும் போடுகிறேன்." அதற்கடுத்து வெசாக் விடுமுறை. பிறகு குரலே மாறியது. "பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை, தெரியாதா? பாதி முத்திரைகள் பழுது பார்த்தவை." பட்டியல் விலையை நான் எங்கே கேட்டேன்? 385,000 என்று வாயால் சொன்னவனே அவன்தான். மிச்சம் 350,000 எங்கே என்று கேட்டதற்கு, "மரியாதையாகப் பேசுங்கள்" என்றான். பிறகு என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டான்.

நேற்று ஒரு பொதி வந்தது. உள்ளே அல்பங்கள். ஒரு துண்டுக்கடதாசியில், 'வைத்துக்கொண்டவற்றின் பெறுமதி 35,000. கணக்கு சரி.' பென்ஸ் முத்திரைகள் இருந்த இடத்தில் ஒட்டுத்தாளின் தடமும் அப்பாவின் பென்சில் எண்களும் மட்டும். உறைகள் ஒன்றும் இல்லை. வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றுவிடாமல் பத்திரமாகத் திரும்பியிருந்தன!

தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மட்டும்தானாம், வெளியே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். அப்படியானால் அந்தப் பச்சைக் குறி? அது அவனுடைய தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்த்ததற்கு மட்டுமாம். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் அவன் எழுதித் தந்த தாளைப் பார்த்துவிட்டு, "அல்பம் 4 என்றுதானே இருக்கிறது, நாலும் வந்துவிட்டதே" என்றார்கள். அவன் ஏன் கேட்காமலே எழுதித் தந்தான் என்பது அங்கேதான் விளங்கியது. 350,000 ரூபாயை அந்த ஒரு வரியிலேயே தின்றிருக்கிறான்.

வழிகாட்டி என்றேன் அல்லவா. இப்போது கைக்கு வருவது இவ்வளவுதான். அல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள், உறைகளின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும். முழுப் பணம் கணக்கில் விழுந்ததை வங்கியில் கேட்டு உறுதிசெய்யும்வரை ஒன்றும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. சிட்டையில் 'அல்பம்' என்று எழுத விடாதீர்கள், ஒவ்வொரு முத்திரையாக எழுதச் சொல்லுங்கள். ஒருவனுடைய விலையை மட்டும் கேட்டு விற்காதீர்கள். மற்றவை பிறகு, இப்போது எழுதக் கை ஓடவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். அப்பப்பா தன் உறைகள் எல்லாவற்றின் பின்பக்கத்திலும், இடது கீழ் மூலையில், சிவப்புப் பென்சிலால் சின்னதாக 'க' என்று போட்டு அதைச் சுற்றி வட்டம் இடுவார். திருகோணமலைத் தபால் குறியுள்ள 1942ஆம் ஆண்டு உறை எதையாவது யாராவது விற்க வந்தால் திருப்பிப் பாருங்கள். அந்தக் குறி இருந்தால் வாங்காதீர்கள், விற்பவனிடம் ஒன்றும் சொல்லாமல் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.