பட்டன் போனா, ஈசி மோடா, லாஞ்சரா: பெரியவர்கள் கைக்கு எது பொருந்துகிறது?

வேலூர் லாங் பஜாரில் வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் சொல்வது, "இதில் எழுத்து நன்றாகப் பெரிதாகத் தெரியும் சார்" என்பதுதான். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். காட்பாடியில் அப்பா, அம்மா, குடியாத்தத்தில் பெரியம்மா என்று மூன்று பேருடைய போன்களுக்கும் நான்தான் மெக்கானிக். பழுது பார்த்துப் பார்த்துப் புரிந்தது இது: எழுத்தின் அளவு அவர்களுக்குப் பாதித் தொல்லைகூட இல்லை. நேற்று இருந்த இடத்தில் இன்று பொத்தானைக் காணோம் என்பதுதான் அவர்களை மிரள வைக்கிறது. அவர்கள் படத்தையோ பெயரையோ பார்த்து அழுத்துவதில்லை. இடத்தை நினைவில் வைத்து அழுத்துகிறார்கள். அதனால் எந்த வழி இடத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

அந்த வகையில் பட்டன் போனை யாரும் தோற்கடிக்க முடியாது. ஐந்தாம் எண்ணின் மேல் இருக்கும் சின்னப் புள்ளியைத் தடவியே மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். பெரியம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றியவர். விரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடையில் கைரேகைக் கருவியோடு மல்லுக்கட்டுகிறவர். தொடுதிரை விரலில் உள்ள மின்கடத்தலைக் கொண்டு வேலை செய்வது. வறண்டு காய்த்துப்போன விரலை அது பல நேரம் உணர்வதில்லை. அவர் திரையைத் தொடுவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் மெல்லத் தொடுவார். ஒன்றும் நடக்காது. பிறகு அழுத்துவார். அந்த அழுத்தத்தை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு, போன் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்துவிடும். அதை மூடத் தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பட்டன் போனில் இந்தக் கூத்து இல்லை.

ஆனால் வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. ஜியோ சிம் என்றால் 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். பணம் அனுப்ப, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே பட்டன் போனிலும் இயங்கும். வாட்ஸ்அப் மட்டும் இனி எதிர்பார்க்க வேண்டாம். ஜியோபோன் போன்ற, காய்ஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் பட்டன் போன்களுக்கு அதன் ஆதரவு 2025இல் நின்றுபோனது. பேரன் முகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் பட்டன் போன் அங்கேயே தோற்றுவிடுகிறது.

அடுத்தது ஈசி மோடு. சாம்சங் போன்களில் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குள் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் லைட் மோடு, சிம்பிள் மோடு என்று பெயர் வைத்திருக்கின்றன. சாம்சங்கின் ஈசி மோடு படங்களைப் பெரிதாக்கும், விசைப்பலகையை அழுத்தமான நிறத்துக்கு மாற்றும், நீண்ட அழுத்தம் என்று கணக்கிடும் நேரத்தையும் கூட்டிவிடும். பெரியம்மாவின் விரலுக்கு அந்தக் கடைசி வசதிதான் மருந்து.

அதே ஈசி மோடை அப்பாவின் போனில் போட்டது நான் செய்த பெரிய தவறு. ஆறு ஆண்டுகளாக ஒரே அமைப்பில் பழகியவர் அவர். மறுநாள் காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையின் இடது கீழ் மூலையில், முன்பு போன் படம் இருந்த இடத்தில், வெறும் வால்பேப்பரை மூன்று முறை அழுத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை, வீட்டுச் சாமான்களை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதுபோல இருந்தது. ஈசி மோடை அணைத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும், நல்லவேளை. எனவே என் தீர்ப்பு: புதிதாகப் போன் பழகுகிறவருக்கு முதல் நாளே ஈசி மோடு போடுங்கள். ஏற்கெனவே பழகியவரின் போனில் அதைத் தொடாதீர்கள்.

லாஞ்சர் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால்ட்போன், பிக் லாஞ்சர் போன்றவை எந்த ஆண்ட்ராய்டு போனின் முகப்பையும் ஆறேழு பெரிய கட்டங்களாக மாற்றிவிடும். பால்ட்போன் இலவசம், திறமூலம் (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்). குறை என்னவென்றால், வாசல் மட்டும்தான் பெரிது. வாட்ஸ்அப் கட்டத்தைத் தொட்டு உள்ளே போனால் அதே பழைய பொடி உலகம். தொடர்பு எண்கள், அழைப்புகள் என்று கேட்கும் அனுமதிகளும் நிறைய. இதே மாதிரிப் பெயரில் விளம்பரம் கக்கும் செயலிகளும் உலவுகின்றன. போனிலேயே ஈசி மோடு இல்லாதவர்களுக்குத்தான் இது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பழைய ஐபோனை அனுப்பிவைத்த வீடுகள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிறைய உண்டு. அது 2018இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களோ அதற்குப் பிந்தையதோ என்றால், 2023இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 17இன் 'அசிஸ்டிவ் ஆக்செஸ்' என்ற எளிய திரை அமைப்பு அதில் கிடைக்கும். அறிதிறன் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்டது. யார் யாரோடு பேசலாம் என்பதை நாமே தேர்ந்து வைக்கலாம். தொடர்புகள் முகப் படங்களாகத் தெரியும். வெளியேறப் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தி ரகசிய எண்ணும் தர வேண்டும் என்பதால், கைதவறி எதுவும் கலையாது. தொடுதிரைப் போன்களுக்குள் என் அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். ஞாபகம் தளர்ந்துவரும் பெரியவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். நல்ல நினைவோடு வங்கி வேலைகளைத் தானே பார்க்கிறவருக்குக் கை கட்டிப்போட்டது போல இருக்கும். அதற்காகவே புது ஐபோன் வாங்குவது வீண் செலவு.

அப்பா அம்மா இருவருக்கும் நான் கடைசியில் வந்து நின்றது சாதாரண ஆண்ட்ராய்டு போனில், நாலைந்து மாற்றங்களோடு. திரையைத் தள்ளித் தள்ளி நகர்த்தும் முறையை நீக்கிவிட்டு, கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும் பழைய முறைக்குத் திரும்பினேன். சாம்சங்கில் 'முகப்புத் திரை அமைப்பைப் பூட்டு' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் படங்கள் இடம் பெயராது, தவறிப் பட்டு அழியவும் செய்யாது. ஈசி மோடைவிட இந்த ஒன்றே பெரிய உபகாரம். ஒலியளவைக் கூட்டும் பொத்தானால் அழைப்பை எடுக்கவும், பக்கவாட்டுப் பொத்தானால் துண்டிக்கவும் அழைப்பு அமைப்பில் வழி செய்தேன். பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் இழுப்பது என்ற தினசரிப் பஞ்சாயத்து ஓய்ந்தது.

எழுத்தின் அளவை முழுவதுமாக ஏற்றிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 14இல் இருந்து 200 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளம். உச்ச அளவில் 'அமைப்புகள்' என்பது 'அமைப்...' என்று அறுந்து நிற்கும். உச்சத்துக்கு இரண்டு படி கீழே நிறுத்துங்கள். மெனுவைத் தமிழில் வைப்பதா என்பதும் வீட்டுக்கு வீடு வேறு. செட்டிங்ஸ், கேலரி என்றே காதில் விழுந்து பழகிய அம்மாவுக்குத் 'தொகுப்பு' என்றால் எதுவென்று தெரியவில்லை; ஆங்கிலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டார். தட்டச்சுக்கு மட்டும் கூகுள் விசைப்பலகையான ஜிபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசுகிறார். பிழைகளோடு வருகிற அந்தச் செய்திகள்தான் எங்கள் குடும்பக் குழுவின் காலைப் பொழுதுபோக்கு.

அப்பாவுக்கு ஸ்மார்ட்போனே வேண்டும் என்று முடிவானதற்கு இன்னொரு காரணம் ஓய்வூதியம். நவம்பர் மாத உயிர்வாழ்வுச் சான்றை, 2021 முதல் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே தந்துவிடலாம். ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கண்ணை ஒருமுறை இமைத்து முடித்துவிடுகிறார். ஆனால் இணையம் உள்ள போன் என்றால் மோசடி அழைப்பும் சேர்ந்தே வரும். அதை எந்த மோடும் தடுக்காது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை முகப்பில் ஒரு தொடர்பாகவே போட்டு வைத்திருக்கிறேன்.

பெரியம்மா விஷயத்தில் மட்டும் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பேசுவதற்குப் பட்டன் போன் சுருக்குப்பையில். ஈசி மோடு போட்ட என் பழைய போன், மகன் பெங்களூரிலிருந்து வீடியோவில் வருவதற்காக, சார்ஜரைக் கழற்றாமல் டிவி பக்கத்து அலமாரியில். நான் வாங்கித் தந்த ஸ்டாண்டு சரிந்துகொண்டே இருந்ததால், பீடிக் கட்டு ஒன்றை அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.